தண்ணீருக்குக் கழிவு

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கூட்டம். சின்னதாக மென்பொருள் கம்பெனி நடத்துகிறவர்கள், வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்கள் ஒரு நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தோம். கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து, "வெளிநாட்டு கிளையண்ட் நம்மள நம்பணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டான். மேடையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுக்கணும், தினமும் நிலவரம் சொல்லணும், ஐஎஸ்ஓ மாதிரி சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளணும், முதல் வேலையைக் கைநஷ்டத்துக்காவது நன்றாகச் செய்து கொடுத்துவிடணும். எதுவும் தப்பில்லை. என் பக்கமும் மைக்கை நீட்டினார்கள். நானும் அதே தினுசில் ஏதோ ஒன்றைச் சொன்னேன், இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஆனால் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் வேறொரு விஷயம் இருந்தது. அதில் எங்கள் பக்கத்துத் தப்பும் இருந்ததால் மைக்கில் சொல்ல வாய் வரவில்லை. வீடு வந்து சேர்ந்தும் அது போகவில்லை. அதனால்தான் இது.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒண்ணேமுக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மாதான் பார்க்கிறாள். நான் சென்னையில் ஓஎம்ஆர் ரோட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, பேக்கரிக்கு மேலே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஐந்து பேரோடு ஒரு கம்பெனி நடத்துகிறேன். கீழே வர்க்கி வேகும் வாசனையில் மேலே ஜெர்மனிக்கு வேலை நடக்கும். வட ஜெர்மனியில் குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எங்களுக்குப் பெரிய கிளையண்ட். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எந்த வாசலில் சரக்கு இறக்கியது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, காத்திருந்ததற்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும், இதையெல்லாம் கணக்கு வைக்கிற மென்பொருள் எங்களுடையது.

அம்மாவின் கணக்கு

இலை போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை நாளில் பறித்த கொழுந்தில் தண்ணீர் நிற்கும். எடைபோடும் இடத்தில் ஃபாக்டரிக்கு இலை வாங்கும் ஏஜெண்ட் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அழுத்திப் பார்ப்பார். பிறகு நூறு கிலோவுக்குப் பத்து கிலோ என்று தண்ணீருக்குக் கழிப்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு, நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க எந்த ஃபாக்டரிக்காரனும் சம்மதிக்க மாட்டான், ஈர இலையை வாட்ட விறகும் கரண்டும் கூடுதலாகச் செலவாகும். கஷ்டம் என்னவென்றால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை விஷயத்தில் பரவாயில்லை. குன்னூர் ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு ஒரு விலை அறிவிக்கிறது, போதும் போதாது என்று சண்டை போடவாவது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு எண் இருக்கிறது. கழிவுக்கு அதுவும் இல்லை. ஏஜெண்டின் உள்ளங்கைதான் அளவு.

அதனால் என்ன ஆகும்? அம்மா ஒரு தடவை சொன்னாள்: "அவன் கழிக்கிறான்னு இவங்க தண்ணி தெளிக்கிறாங்க, இவங்க தெளிக்கிறாங்கன்னு அவன் கழிக்கிறான். உதறிக் கொண்டு போனாலும் பத்து, உதறாம கொண்டு போனாலும் பத்து. அப்புறம் எவ கண்ணு உதறுவா?" வெயில் காலத்தில்கூடக் கழிவு முழுசாக நின்றதில்லை, ஐந்து கிலோவாவது இருக்கும்.

அப்போது நான் சிரித்தேன். என் ஆபீஸிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நாங்கள் கொடுக்கிற எஸ்டிமேட் எதுவாக இருந்தாலும் கிளையண்டின் கொள்முதல் பிரிவு பதினைந்து சதவீதம் வெட்டும். காரணம் கேட்டால் 'பொதுவான நடைமுறை' என்று பதில் வரும். சரி என்று நாங்களும் நூறு மணி நேர வேலைக்கு நூற்றிருபது போட ஆரம்பித்தோம். வெட்டியது போக நூற்றிரண்டு வரும். இரண்டு மணி நேரம் லாபம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம், பதினெட்டு மணி நேரம் மிச்சம் என்று அவர்கள் அங்கே சிரித்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத நாடகம் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கூடுதல் இருபதுக்குள் காற்று மட்டும் இல்லை, எங்களுக்குப் புரியாத இடங்கள் எல்லாவற்றையும் அதற்குள்தான் போட்டு மூடி வைத்திருந்தோம். என்ன செய்யணும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கிற ஸ்பெக்கில் ஒரு வரி குழப்பமாக இருக்கிறதா, நாலு மணி நேரம் சேர். அவர்கள் சொல்வதும் எழுதிக் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லையா, ஆறு மணி நேரம் சேர். கேட்பது கிடையாது. முதல் வருஷம் ஒரு தடவை கேட்டு, "இந்தத் துறை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோமே" என்று மேலிடத்துக்கு நகல் போட்டு ஒரு மெயில் வந்ததிலிருந்து நான் ஒரு விதி வைத்திருந்தேன். புரியவில்லை என்றால் முதலில் நமக்குள் பேசிக்கொள்ளலாம், அவர்களிடம் கேட்டால் நமக்குத் தெரியாது என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை ஏதோ தொழில் ரகசியம் மாதிரி சொல்வேன்.

தீபாவளி, காலை ஆறரை

2019ஆம் வருஷம் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆறிலிருந்து ஏழு வரை, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரைதான் வெடிக்கலாம் என்று அரசு நேரம் குறித்திருந்தது, அதனால் எண்ணெய்த் தலையோடு பிள்ளைகள் அவசர அவசரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சரியாக ஆறரை மணிக்கு, நான் வாசலில் நின்று சரத்துக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் கடிகாரம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணிக்குத் திரும்பியது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கோடை நேரம் முடிகிற நாள். அன்றைக்கு ராத்திரி இரண்டிலிருந்து மூன்று வரைக்குமான ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும். நமக்கு அந்த வழக்கமே கிடையாது, வருஷம் முழுக்க ஒரே நேரம். ஆனால் எங்கள் ஐந்து பேருக்கும் இது நன்றாகவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. அவர்களுடைய காலை ஒன்பது மணி மீட்டிங் எங்களுக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. ஒவ்வொரு அக்டோபரும் சாப்பாட்டு நேரம் மாறுகிறது என்று புலம்பிக்கொண்டேதான் டிபன் பாக்ஸைத் திறப்போம். அது எங்கள் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது, எங்கள் மென்பொருளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மெயில் வந்தது. ஒரு மீன் லாரி 23 மணி 20 நிமிடம் காத்திருந்ததாகக் கணக்குப் போட்டு, அதற்குப் பணமும் எழுதியிருக்கிறது எங்கள் மென்பொருள். அந்த லாரி உள்ளே வந்தது 2.50க்கு. வெளியே போனது 2.10க்கு. நடுவில் கடிகாரம் திரும்பியதால் நிஜத்தில் இருபது நிமிஷம். நாங்கள் உள்ளூர் நேரத்தை அப்படியே சேமித்து வைத்திருந்ததால் கழித்துப் பார்த்தபோது மைனஸ் நாற்பது வந்தது. மைனஸ் வந்தால் நள்ளிரவு தாண்டியிருக்கும், இருபத்து நாலு மணி நேரத்தைக் கூட்டிக்கொள் என்று நாங்களே வேறொரு இடத்தில் எழுதி வைத்திருந்தோம். ஆக, 23 மணி 20 நிமிடம். நல்ல வேளையாக ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓடக் கூடாது, பால், மீன், காய்கறி மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்குக்குத்தான் விலக்கு. அதனால் மாட்டியது ஏழே லாரிகள். பணம் பெரிதில்லை. ஆனால் ஏழு லாரிக்காரர்களுக்குத் தப்பான சீட்டு போயிருக்கிறது, அவர்களில் ஒருவர் கிடங்குக்கு போன் செய்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புதான் அவர்களுக்கு வலித்தது.

சரிசெய்வது அரை நாள் வேலை. உள்ளூர் நேரத்துக்குப் பதிலாக யுடிசியில், அதாவது கடிகாரம் மாற்றாத உலகப் பொது நேரத்தில், சேமித்து, காட்டும்போது பெர்லின் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. அதற்காக அந்த ஃபைலைத் திறந்தபோதுதான் பார்த்தேன். தப்பான வரிக்கு நேர் மேலே ஒரு கமெண்ட், அதாவது புரோகிராம் எழுதுகிறவர் நடுவில் எழுதி வைக்கிற குறிப்பு. ஆங்கிலத்தில், நாலே வார்த்தை: "டிஎஸ்டி? செக் வித் கிளையண்ட்." டிஎஸ்டி என்றால் அந்தக் கோடை நேரம்தான்.

நாலு வார்த்தை

புரோகிராமில் செய்கிற மாற்றங்களைக் கணக்கு வைக்க 'கிட்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் 'பிளேம்' (குற்றம் சாட்டு) என்று ஒரு கட்டளை உண்டு, எந்த வரியை யார் என்றைக்கு எழுதினார்கள் என்று காட்டும். என்ன பொருத்தமான பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். போட்டுப் பார்த்தேன். எங்கள் டீமிலேயே இளையவள், கூடலூர்ப் பெண். மார்ச் மாதம் எழுதியது, அதாவது ஏழு மாதத்துக்கு முன்னால். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் உயர்த்தியிருக்கலாம். பக்கத்து மேசைப் பையனிடம் கேட்டாளாம். அந்த மாதம்தான் இந்தக் கடிகாரம் மாற்றுகிற வழக்கத்தையே ஒழிக்கணும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்திருந்தது. "அதையே எடுக்கப் போறாங்களாம், நியூஸ்ல வந்துச்சு, விடு" என்று அவன் சொல்லியிருக்கிறான். (இன்றுவரை எடுக்கவில்லை.) சரி, கிளையண்டிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நமக்குத் தெரியலன்னு எழுதி வச்சுப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணா."

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி அறிக்கை எழுத உட்கார்ந்தேன். தப்பு நடந்தால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்போம் என்று எழுதி அனுப்புவது வழக்கம். 'ஸ்பெக்கில் உள்ளூர் நேரம் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. கடிகார மாற்றம் பற்றிக் குறிப்பு இல்லை. அதனால் சோதனையில் இடம்பெறவில்லை' என்று எழுதினேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தக் கமெண்டோ, திருத்துகிறபோது அந்த வரியோடு சேர்ந்து தானாகவே போய்விடும். பழைய வரலாற்றில் இருக்கும்தான், ஆனால் யார் தோண்டப் போகிறார்கள். நாங்கள் எழுதும் புரோகிராம் எல்லாம் இருக்கிற ரெப்போவைப் படிக்க அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே அனுமதி இருந்தது, ஒருத்தரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதை நான் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வேலையை அவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை, என்று.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எட்டிப் பார்க்காமல் வாங்குகிறவர்களை நீலகிரி நன்றாக அறியும். சோவியத் யூனியன் இருந்தவரைக்கும் எங்கள் தேயிலைக்கு அதுதான் பெரிய சந்தை. எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வான் என்று ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்பதெல்லாம் பேச்சுக்கு. கத்தரி போட்டு முத்தல் இலையையும் சேர்த்து வெட்டிச் சாக்கில் திணித்த காலம் அது. 1991இல் அந்த நாடே உடைந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வாங்க வந்தபோது கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலை விழுந்த வீழ்ச்சியில் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போனது என்று எங்கள் வீட்டுப் பீரோவைக் கேட்டால் சொல்லும். ரஷ்யாக்காரன் நம்மை நம்பினான் என்று அப்பா சொல்வார். எனக்கு அது நம்பிக்கையாகத் தெரியவில்லை, அவனுக்கு அக்கறை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். குன்னூர் ஏலத்தில் வாங்குகிறவன் தோட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டான், ஆனால் ஏலத்துக்கு முன்னாலேயே அந்தச் சரக்கிலிருந்து எடுத்த சாம்பிள் அவன் கைக்குப் போய்விடும், அவன் ருசித்துப் பார்ப்பான். அந்தச் சாம்பிள் அந்த மூட்டையிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும், மொத்த வியாபாரமும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. சென்னையில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். கிளையண்டின் நேர்காணலில் உட்காருவது பன்னிரண்டு வருஷ அனுபவசாலி, ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவர் அடுத்த நேர்காணலுக்குப் போய்விடுவார், வேலை செய்வது ஆறு மாதத்துக்கு முன்னால் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தனாக நானும் இருந்திருக்கிறேன்.

சான்றிதழ் கதையும் இப்படித்தான். தொண்ணூறுகளில் மென்பொருள் கம்பெனிகள் வேலை செய்கிற முறைக்குத் தரம் போடும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிஎம்எம் ஐந்தாம் நிலை என்றால் நம் ஊர் கம்பெனிகளுக்கு அது வைரக் கிரீடம். முகம் தெரியாத தூரத்து ஆட்களுக்கு நம்மைக் காட்ட வேறு வழி இல்லாததால் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று 2008இல் விருது வாங்கிய சத்யம், 2009 ஜனவரி 7ஆம் தேதி, ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கணக்கு பொய் என்று அதன் தலைவரே கடிதத்தில் ஒப்புக்கொண்ட கம்பெனியாகிவிட்டது. சுவரில் மாட்டிய சான்றிதழ் சுவரில்தான் இருந்தது.

அறிக்கைக்கு வருகிறேன். எழுதிய அந்த முதல் பிரதியை அனுப்பாமல் படுத்துவிட்டேன். மறுநாள் பண்டிகைக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்று இலையை எடைபோடும் இடத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்தது. அம்மா அன்றைக்கும் கொழுந்தைத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போட்டுப் பரப்பி, கையால் புரட்டி, உதறி, ஈரம் வடியவிட்டுத்தான் சாக்கில் போட்டாள். போடுவதற்கு முன்னால் உத்திரத்தில் தொங்கும் வில் தராசில் மாட்டி எடை பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நாற்பத்தொன்று. எடைபோடும் இடத்திலும் நாற்பத்தொன்றுதான் காட்டியது. ஏஜெண்ட் வழக்கம்போல நாலு கிலோ கழித்தார். வரும்போது அம்மாவிடம், "அதான் எப்படியும் கழிக்கிறானே, எதுக்கு மாங்கு மாங்குன்னு உதறுற?" என்று கேட்டேன்.

"உதறாம கொண்டு போனா, அவன் தண்ணிக்குக் கழிச்சானா இலையிலயே கை வச்சானான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

நான் நேர்மைக்கு என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொன்னது கணக்கு. வருஷக்கணக்காகக் காலண்டர் தாள்களைக் கட்டி வைத்திருக்கிறாள், மாதத்துக்கு எத்தனை கிலோ இலையிலேயே போனது என்று கிலோ சுத்தமாகச் சொல்வாள். அவள் எடை சுத்தமாக இருந்தால்தான் அவன் எடுப்பது தெரியும். எங்கள் எஸ்டிமேட்டில் நாங்களே தண்ணீர் தெளித்து வைத்திருந்ததால், அவர்கள் வெட்டிய பதினைந்தில் எது தண்ணீர் எது எங்கள் இலை என்று எங்களுக்கே தெரியாமல் போயிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டாவது பிரதியை எழுதி அனுப்பினேன். கமெண்ட் இருந்தது, மார்ச்சிலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தது நான். அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை.

ஆறு வாரம்

இந்த இடத்தில் கதை எப்படிப் போகும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னதும் அவர்கள் நெகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை ஒப்புக்கொண்டவர்கள் வேறு எதையெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றுவதில் தப்பும் இல்லை. அக்டோபர் மாத இன்வாய்ஸை நிறுத்தி வைத்தார்கள். மூன்று வருஷமாகத் திறக்காத ரெப்போவைத் திறந்து, அந்த மாதிரிக் கேள்விக்குறி போட்ட கமெண்டுகள் எத்தனை என்று தேடச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டார்கள். சில அற்பமானவை, சில இருமொழியில் எழுதிய கெட்ட வார்த்தைகள் (அவற்றை மொழிபெயர்த்துச் சொன்ன அனுபவத்தைத் தனியாக எழுதலாம்), ஒன்பதோ பத்தோ நிஜமான சந்தேகங்கள். நவம்பர் சம்பளத்துக்கு நான் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்தேன். முதல் பிரதியையே அனுப்பியிருக்கலாம் என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்தேன். கூடலூர்ப் பெண் ராஜினாமா செய்யட்டுமா என்று வந்து நின்றாள். வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பினேன், அதைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு வீடியோ கால். அந்தப் பக்கம் எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் மட்டும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், வளவளவென்று பேசாத அம்மையார், எப்போதும் கொள்முதல் பிரிவு ஆள் ஒருவர் கூடவே இருப்பார், அன்றைக்கு இல்லை. நாற்பத்து மூன்றையும் படித்தாகிவிட்டது என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று தன் திரையைப் பகிர்ந்தார். அவர்கள் தங்களுக்குள் குறைகளையும் கேள்விகளையும் பதிந்து வைக்கிற டிக்கெட் பட்டியல், நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை, பார்க்க எங்களுக்கு அனுமதியும் இல்லை. அதில் ஒரு டிக்கெட். 2018 நவம்பரில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் ஜெர்மனில் எழுதியிருந்தார். மேலாளர் வாய்விட்டு மொழிபெயர்த்தார். 'புது மென்பொருள் வரும்போது கடிகாரம் மாறும் ராத்திரியை என்ன செய்யும்? பழையதில் நாங்கள் கையால் திருத்துவோம்.' அதற்குக் கீழே அவர்களுடைய ஆள் ஒருவர் ஒரு வரி எழுதி மூடியிருந்தார்: வருஷத்தில் ஒரு மணி நேரம், சப்ளையரிடம் கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள், விடலாம்.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சந்தேகம். கூடலூர்ப் பெண்ணுக்கு வருவதற்கு நாலு மாதம் முன்னாலேயே கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிற ஒருவருக்கு வந்திருக்கிறது. கேட்டால் தெரியாதவர்கள் என்று நினைப்பார்கள் என்று நாங்கள் மூடினோம், கேட்டால் காசு கேட்பார்கள் என்று அவர்கள் மூடினார்கள். நாங்கள் கூடுதலாகப் போட்ட இருபதும் அவர்கள் வெட்டிய பதினைந்தும் பழக்கிவிட்ட பழக்கம் அது.

இதை அவர் எனக்குக் காட்டியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஒப்புதல் கையில் இருந்தது, தப்பை முழுசாக எங்கள் தலையில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கோயம்புத்தூர்க் கூட்டத்தில் என் வாய்க்கு வராமல் போனது இதுதான். நம்பிக்கை என்று பேச ஆரம்பித்தாலே நாம் என்ன செய்து காட்ட வேண்டும், நாம் எதை நிரூபிக்க வேண்டும் என்றுதான் போகிறது பேச்சு. தராசு வைத்திருக்கிறவன் என்ன காட்டினான் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் கமெண்டைக் காட்டினபோது எங்களுக்குக் கிடைத்தது ஆறு வாரக் குடைச்சல். அவர் டிக்கெட்டைக் காட்டின பிறகுதான் ஏதோ ஒன்று மாறியது. மாறினது அவர் எங்களை நம்பியதால் இல்லை, நான் அவர்களை நம்ப ஆரம்பித்ததால். அதுவரைக்கும் நான் அவர்களை நம்பினதே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நடைமுறையில் என்ன ஆனது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை அரை மணி நேரம், இரண்டு பக்கமும் சந்தேகங்களை மட்டும் பேசுவது, அதற்குப் பில் கிடையாது. எஸ்டிமேட்டில் தெரிந்த வேலைக்கு ஒரு எண்ணும் தெரியாத இடங்களுக்குத் தனியாக இன்னொரு எண்ணும் போடுகிறோம், எது ஏன் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதி. கொள்முதல் பிரிவு இப்போதும் ஐந்து சதவீதம் வெட்டுகிறது. வெயில் காலத்துக் கழிவு என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். 2020 ஏப்ரலில் கிடங்கு வேலை தாறுமாறாகப் போனபோது, அடுத்த காலாண்டில் உங்களுக்குப் பாதி வேலைதான் இருக்கும் என்று அந்த அம்மையார் இரண்டு மாதம் முன்னாலேயே போன் செய்து சொன்னார். அதற்கு முன்னால் என்றால் இன்வாய்ஸ் திரும்பி வரும்போதுதான் தெரிந்திருக்கும்.

அடுத்த அக்டோபர்

2020இல் அந்தக் கடைசி ஞாயிறு 25ஆம் தேதி. இந்தத் தடவை ஆயுத பூஜை. கொரோனாவால் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்துதான் வேலை. ஐந்தரை மணிக்கே ஐந்து பேரும் வீடியோ காலில் உட்கார்ந்துவிட்டோம், கூடலூர்ப் பெண் வீட்டில் பவர் கட், அவள் போனிலிருந்து. அந்தப் பக்கம் அம்மையாரும், அந்த டிக்கெட்டை எழுதிய ராத்திரி மேற்பார்வையாளரும். அவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தோம், காதில் பென்சில் செருகியிருந்தார். ஒரு பால் லாரி 2.41க்கு உள்ளே வந்தது. ஆறரை மணி அடித்தது, அங்கே கடிகாரம் திரும்பியது, யாரும் பேசவில்லை. 2.07க்கு லாரி வெளியே போனது. திரையில் 26 நிமிடம் என்று விழுந்தது. மேற்பார்வையாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு தாளில் தானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினார்.

அதற்குள் அம்மா வில் தராசையும் கத்தரியையும் துடைத்து மனையில் வைத்து, சந்தனக் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து நின்றிருந்தாள். "ஆச்சா? அந்தப் பொட்டிய மூடு, பொட்டு வைக்கணும்" என்றாள்.